தேவாங்குக்குச் சாயம் போன கதை

எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு மிருகப் படங்கள் தொங்கின. ஒன்று தேவாங்கு, மற்றது மலையணில். மாமனார் நெய்யூரில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தபோது, ஊர் திரும்பிய வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனவை. செம்புத் தகட்டில் கோடு செதுக்கி அச்சடித்து, பிறகு ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு தாளுக்கும் தூரிகையால் நிறம் கொடுத்த பழங்காலப் படங்கள். அப்பாவின் பொருள் என்று என் மனைவியிடம் மிஞ்சியவை அவை இரண்டும்தான். வீட்டில் தீப்பிடித்தால் முதலில் அணிலைத் தூக்குவாள், அடுத்தது தேவாங்கை. என் முறை எப்போது வரும் என்று நான் கேட்டதில்லை.

தேவாங்கின் சட்டத்தில் கறையான் ஏறியது. துபாயிலிருந்து லீவுக்கு வந்திருந்த மச்சான், அவளுடைய தம்பி, படத்தைக் கையில் எடுத்தான். “அத்தான், மார்த்தாண்டத்துல குடுத்து வேற சட்டம் போட்டுத் தாறேன்.” சொல்லிக்கொண்டே போனில் நாலு கோணத்தில் போட்டோ எடுத்தான். “இதையெல்லாம் வாங்க வெளிநாட்டுல ஆளு உண்டு, கேட்டேளா?”

கேட்டேன். கேட்டது அப்படியே நெஞ்சில் தங்கிவிட்டது.

படம் திரும்பி வந்தபோது தேவாங்கு சிவந்திருந்தது. முன்பெல்லாம் துணி எடுக்கும் உத்தேசமே இல்லாத வாடிக்கையாளரைப்போல மங்கலாகப் பார்க்கும். இப்போது கண் பளபளவென்று, என் வண்டவாளம் தெரிந்ததுபோல முறைத்தது. என்னைப்போன்ற ஜவுளிக்கடைக்காரனுக்கு நிறம் மாறினால் சோறு இறங்காது. அசலை விற்றுவிட்டு நகலை மாட்டிவிட்டானோ?

மனைவியிடம் சொன்னேன். “பழைய கண்ணாடி புழுதி பிடிச்சுக் கெடந்துது. இது புதுக் கண்ணாடியாக்கும். அதுக்குப்போய் இப்பிடிப் பதறி வெப்ராளப்படுதீங்களே!” என்றாள்.

தம்பியை விட்டுக்கொடுக்கிறாளா பார்? எனக்கு அவள்மேலும் லேசாகச் சந்தேகம் வந்தது. மச்சான் புது செருப்புப் போட்டு வந்தால் அது தேவாங்குச் செருப்பாகத் தெரிந்தது. இனயம் கடற்கரைக்குப் போய் மீன் வாங்கி வந்து கொடுத்தான். மாமனார் சொத்தை எங்களுக்கே குழம்பு வைத்துத் தருகிறானே என்று நினைத்தபடி இரண்டு துண்டு அதிகம் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து அவள் உடை மாற்றப் போன நேரம், சட்டத்தின் பின்பக்க ஆணிகளைப் பிடுங்கினேன். கடையில் சேலையைச் சோதிக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும். ஈரத் துணியால் ஓரத்தைத் தேய்ப்பது. சாயம் போனால் போலி. சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையை, எங்கள் ஊர் லேஞ்சியை, எடுத்து நுனியைத் தண்ணீரில் நனைத்துத் தேவாங்கின் மூக்கில் ஒரு தேய் தேய்த்தேன்.

லேஞ்சியில் செம்பழுப்பாகக் கறை. தேவாங்குக்கு மூக்கு இல்லை.

நான் போட்ட கூச்சலில் அவள் ஓடி வந்தாள். அதற்குள் மச்சானைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். “லே, சாயம் போகுது! அசலை எங்கலே வித்த?”

“அத்தானுக்கு வெயிலு தலைக்கு ஏறிட்டு,” என்றது போன்.

“வாயப் பொத்து. உன் அக்கா முன்னாலயே நிரூபிக்கேன்.” அணில் படத்தை இறக்கினேன். “இது இந்த வீட்டு நடைய விட்டுத் தாண்டினதில்ல. அசல். இதுல சாயம் போகாது, நல்லா பாத்துக்கோ!”

“ஐயோ, வேண்டாங்க...” என்று அவள் கை நீட்டுவதற்குள் ஆணியைப் பிடுங்கி, வாலில் தேய்த்துவிட்டேன்.

வால் லேஞ்சிக்கு வந்தது.

தாளில் அணில் இருந்த கிளை இருந்தது, அணிலும் இருந்தது. வால் இருந்த இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள் மட்டும். கையால் தீட்டிய நீர்வண்ணம் தண்ணீர் பட்டால் கரையும். அச்சு மை கரையாது. இதை மாமனார் உயிரோடிருந்தபோது எனக்குச் சொல்லியும் இருக்கிறார். இரண்டுமே அசல். ஐயமற நிரூபித்துவிட்டேன்.

மனைவி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். லேஞ்சியை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். அருகருகே இரண்டு கறைகள். “அப்பா தந்ததுல பாதி இதுல இருக்கு,” என்றாள். குரல் உடைந்திருந்தது.

ஸ்பீக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, அழாத,” என்றான் மச்சான். பிறகு என்னிடம், “அத்தான், அந்த லேஞ்சியத் தொவைச்சிராதீங்க. சட்டம் போட்டுத் தாறேன்.”