மதியப் பட்டியலில் பேனாவால் எழுதிய பெயர்

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. கடைக்குப் போனாலும் பயணம் போனாலும், ஒரு தாளில் எழுதி டிக் அடித்தால்தான் மனம் அடங்கும். பாலிடெக்னிக்கில் மின்னியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்த பிறகு, இறுதியாண்டு செய்முறைத் தேர்வுக்குப் பெயர்களைப் பிரிப்பது என் பொறுப்பானது. வருகைப் பதிவேட்டின் முதல் பாதி காலையில், மறு பாதி மதியத்தில். துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக் கதவில் ஒட்டுவேன். யாரும் எதுவும் சொன்னதில்லை. அதனால் பட்டியல் சரியாக இருப்பதாக நினைத்திருந்தேன்.

அந்த வருடம் தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, ஒரு மாணவி தன் டெஸ்டரையும் ஸ்குரூ டிரைவர்களையும் தோழியிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, சீர்வரிசையா?" என்று சிரித்தாள் தோழி.

"எனக்கு இனிமே வேணாம். வெச்சுக்க."

ஈசிஆர் சாலை ஓரம் இருக்கும் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள் அவள். கைக்குழந்தையாகப் படகில் வந்தவள். அந்த வகுப்பில் அவளைப் போல் சுத்தமாக வயரிங் செய்ய ஆள் இல்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டேன்.

"எக்ஸாமுக்கு வரல மேம். அன்னிக்குக் காலையில கேம்ப்ல செக்கிங்."

முகாம் பதிவேட்டில் உள்ள எல்லோரும் வரிசையில் நேராக வந்து நிற்க வேண்டிய நாள் அது; வராதவர் பெயரை அடித்துவிடுவார்கள். பகல் பன்னிரண்டுக்குத்தான் முடியும். என் பட்டியலில் அவள் காலை நேரத்தில் இருந்தாள்.

"லிஸ்ட் ஒட்டி நாலு நாளாச்சு. மதியத்துக்கு மாத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன போலீசா?"

"லிஸ்ட்ல இருக்கிற பேர்ல கை வைக்கச் சொல்லக் கூடாது மேம். எங்க வீட்ல அப்படித்தான்."

அன்று மாலை அவள் அம்மாவிடம் போனில் பேசினேன். "கேம்ப் பதிவில வயசு பிழையெண்டு ஒருக்கா திருத்தக் கேட்டனாங்கள் மிஸ். பேரே இல்லாமப் போச்சு. திரும்ப ஏத்த ஒரு வருசம் அலைஞ்சனாங்கள். நீங்கள் அவளின்ட பேரை வெட்டிப் போடாதேங்கோ" என்றார். காலைப் பட்டியலில் வெட்டி மதியத்தில் எழுதினால்தான் அவள் தேர்வுக்கு வர முடியும் என்று அவருக்கு விளக்க எனக்கு நேரம் பிடித்தது.

அவளுடைய அண்ணன் பத்தாவதோடு நின்று பெயின்ட் அடிக்கப் போகிறான். அவளுக்கும் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மறுநாள் அவளிடமே கேட்டேன், இவ்வளவு தூரம் வந்துவிட்டு எப்படி விட மனசு வந்தது என்று.

"மனசு வரல மேம்," என்றாள். "மத்த பேப்பர்ல எல்லாம் நாங்க எங்கேருந்து வந்தோம்னு போட்டிருக்கும். டிப்ளமோவுலதான் எனக்கு என்ன தெரியும்னு போட்டிருக்கும்."

மதியப் பட்டியலில் இருந்த வைத்திக்குப்பத்து மீனவப் பையனிடம் இடம் மாறுவாயா என்றேன். "விடியக்காலையில படகு கரைக்கு வர்றப்பவே முழிக்கிறவன் மேம் நானு. காலையிலயே முடிச்சுட்டுப் போறேன். என் மார்க்கையும் சேத்து வாங்கிடப் போறா, பாத்துக்குங்க."

இரண்டு பெயர்களையும் நான் பேனாவால் அடித்து மாற்றி எழுதியிருந்ததைத் துறைத் தலைவர் பார்த்து, "நீங்களா?" என்றார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.

தேர்வன்று மதியம் ஒன்றரைக்குத் தொடங்கினோம். அரை மணி நேரம் வரை தாமதமாக வரலாம். ஒன்றே முக்கால் ஆயிற்று. அவள் மேசையில் மோட்டார், ஸ்டார்ட்டர், வயர்கள் என்று எல்லாம் எடுத்து வைத்திருந்தேன்; இரண்டு முறை சரிபார்த்தும் விட்டேன். இரண்டு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது படியேறி ஓடி வந்தாள். தோழி டெஸ்டரை நீட்டினாள். ஒன்றேகால் மணி நேரத்தில் மோட்டார் ஓடியது. வெளித்தேர்வாளர் குனிந்து வயர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெளியே போகும்போது கதவருகே நின்று பட்டியலைப் படித்தாள்.

"பேனாவுல எழுதினது செல்லுமா மேம்?"

"செல்லும்."

போனை எடுத்து அதைப் படம் பிடித்தாள். "அம்மாவுக்கு," என்றாள்.

இப்போதெல்லாம் பட்டியலை அச்சடிப்பதற்கு முன் பென்சிலில் எழுதி, ஒருநாள் வகுப்பில் சுற்றுக்கு விடுகிறேன். அழிப்பானையும் சேர்த்து.