வெள்ளிக்கிழமை மாத்திரை

ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே ஒரு டாக்டர் இருந்தார். என் பிரசவத்திலிருந்து சீனி வியாதி வரைக்கும் எல்லாம் அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்வரை நான் வெறும் தண்ணீர்தான் குடிப்பேன் என்பதும் தெரியும். "வெள்ளிக்கெழம மட்டும் மாத்திரய ராத்திரி சாப்பாட்டோட போடுங்கக்கா" என்று அவரே சொல்லிவிட்டார். வயதாகிக் கிளினிக்கை மூடிவிட்டார்.

அதன் பிறகு அரசாங்கக் கிளினிக். அங்கே ஒவ்வொரு முறையும் ஒரு புது முகம். வாசலிலேயே பழைய கேள்விதான்: "என்ன நோய் ஆன்ட்டி?" நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். ஒரு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, "தினமும் காலையில போடணும், ஒருநாளும் விடக்கூடாது" என்றார். படித்தவர், இந்தப் புது மாத்திரைக்கு அதுதான் முறை போலிருக்கிறது என்று விரத நாளிலும் காலையில் வெறும் வயிற்றில் போட்டேன். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் தீபம் காட்டும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெரிய வாய்க்காரி நான், எல்லார் முன்னாலும் தரையில் கிடந்தேன். யாரோ வாயில் சீனித்தண்ணி ஊற்றினார்கள்.

மகள் கத்தித் தீர்த்துவிட்டாள். "இனிமே விரதமும் வேணாம், ஒண்ணும் வேணாம்லா! டாக்டர் சரின்னு சொன்னாத்தான்."

கல்யாணமான நாளிலிருந்து விடாத விரதம். புருஷன் செத்த வாரம்கூட விட்டதில்லை. எந்த டாக்டர் சரி என்று சொல்வது?

மறுபடியும் போனேன். இந்தத் தடவை ஒரு தமிழ்ப் பையன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "வயசாச்சு பாட்டி, விரதத்த விட்டுருங்க" என்றான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எத்தன நாளைக்கு இங்க இருப்பீங்க தம்பி?"

"அடுத்த மாசம் பட்டர்வொர்த்துக்கு மாத்துறாங்க."

"நீங்க போயிருவீங்க. அடுத்து வர்றவரு வேற ஒண்ண விடச் சொல்வாரு. விட்டுக்கிட்டே போனா எங்கிட்ட என்னதான் மிஞ்சும்?"

வெளியே நர்ஸ் மிஸ்ஸி அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. அவன் ஒருவழியாகக் கம்ப்யூட்டரை விட்டு என் பக்கம் திரும்பினான்.

"சரி பாட்டி. வெள்ளிக்கெழம எப்ப சாப்பிடுவீங்க?"

இதைக் கேட்க வைக்க நான் தரையில் விழ வேண்டியிருந்தது. சொன்னேன். பழைய டாக்டர் சொன்னதையேதான் அவனும் சொன்னான். அடுத்த மாதம் வேறொருவர் இருப்பார். அவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.