மீன்மேல் போட்ட பழி

மருந்து ஒன்று கடைக்கு வந்துவிட்டால் சோதனையெல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். என் வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. மாத்தளையில் ஆஸ்பத்திரி மருந்தாளராக இருக்கும் நான், ஊருக்குள் போன மருந்து யாருக்கு என்ன செய்கிறது என்று கவனிக்க ஒரு குழு அமைத்தேன். சுவரில் அறிவித்தல் ஒட்டினால் பக்கவிளைவு வந்த சனம் தானாக வந்து சொல்லும் என்றார்கள் மேலே உள்ளவர்கள். ஒட்டினோம். ஒருவரும் வரவில்லை. எங்கள் பக்கத்துக்கு வரும் மருந்தெல்லாம் அமிர்தம் போலிருக்கிறது என்று அவர்களிடமே சொல்லிச் சிரித்தேன்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் சனம் டொக்டர் தந்த மருந்தைக் குறை சொல்லாது. தோல் தடித்தால் அன்னாசிச் சூடு, உதடு வீங்கினால் பலயா மீன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆகவே சனம் மனம்விட்டுப் பேசுகிற ஆட்களைக் குழுவில் சேர்த்தேன். யட்டவத்தப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் வீடு வீடாகப் போகும் மிட்வைஃப் வந்தார். டவுனில் பாமசி வைத்திருக்கும் முஸ்லிம் நானாவும் வந்தார்.

"மருந்து ஒத்துக்கிச்சான்னு கேக்காதீங்க. மாத்திர தொடங்கின பொறகு எந்தச் சாப்பாட்ட விட்டீங்கன்னு கேளுங்க" என்றேன்.

இது என்ன கேள்வி என்று நானா தாடியைத் தடவினார். போகப்போகத் தெரியும் என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு காலை மிட்வைஃப் எனக்குப் போன் எடுத்தார். கொழுந்து பறிக்கும் ஒரு பெண், புதிய பிரஷர் மாத்திரை தொடங்கியதிலிருந்து உதடு வீங்கி வீங்கி வற்றுகிறதாம். பலயாவை விட்டு, கருவாட்டை விட்டு, முட்டையையும் விட்டுவிட்டாராம். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. இன்று நாக்கும் தடித்திருக்கிறது என்றார். அடுத்து தொண்டை வீங்கினால் மூச்சு நின்றுவிடும். மாத்திரை கொடுக்க வேண்டாம், உடனே ஆட்டோவில் ஏற்றுங்கள் என்றேன்.

வார்டில் வைத்துப் பார்த்தார்கள். பின்னேரம் வீக்கம் வற்றத் தொடங்கியது. இனி வேறு மாத்திரை என்று சொல்ல, அந்த மருந்தை எழுதிய சிங்கள டொக்டரே கட்டிலருகே வந்து நின்றார். அவருக்குத் தமிழ் வராது. அந்தப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தார். நாக்கு இன்னும் குழறியது.

"மிஸ், நான் சொன்னதால டொக்டர் ஐயா வேலைக்கு ஒன்னும் வராதில்ல? நல்ல மனுசன்."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினார். நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

"நீங்க வாய் தொறக்காம இருந்திருந்தா, அடுத்த கிளினிக்லயும் என் கையாலயே அந்த மாத்திரயத்தான் எழுதிக் குடுத்திருப்பேன்மா."