டப்பாவின் மேல் வைத்த காந்தம்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதக் காலையில், கீழக்குயில்குடி தாண்டியிருக்கும் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் இது நடந்தது.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எந்த வேலையிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. சாயப்பட்டறை, போர்வெல் வண்டி, கப்பலூரில் பழைய இரும்புக் கடை என்று போய், அப்போது திரவ ஹீலியம் கேன் ஏற்றிவரும் வண்டியில் லோடுமேனாக இருந்தேன். இரும்புக் கடையை விட்ட பிறகும் ஒரு ஸ்பீக்கர் காந்தம் மட்டும் என் சட்டைப் பையை விடவில்லை. எது இரும்பு, எது பித்தளை என்று ஒட்டிப் பார்க்கிற பழக்கம்.

இரும்புச் சாமான் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. வெளியே ஓர் இரும்பு மேஜை. காந்தத்தை அப்படியே வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தெடுக்க நகம் போய்விடும். அதனால் இரும்புக் கடைக்காரர்கள் நாங்கள் அடியில் எதையாவது கொடுத்துத்தான் வைப்போம். அங்கிருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவின் மேல் வைத்துவிட்டு, டிரைவரும் நானும் கேனை உள்ளே உருட்டிப் போனோம். திரும்பி வந்து காந்தத்தை எடுத்து வண்டியில் போட்டேன்.

வழியில் மற்ற இடங்களுக்குக் கொடுத்தது போக, கேனில் கொஞ்சம்தான் மிச்சம். வேலை முடிந்ததும் கேனை எடுத்துப் போக வேண்டும் என்று உள்ளேயே காத்திருந்தோம். ஆராய்ச்சி செய்கிற பெண் வெளி மேஜையிலிருந்த அந்த டப்பாவைக் கொண்டுவந்து திறந்து, அரிசியளவு சில்லு ஒன்றை எடுத்து, நீளமான கம்பியின் முனையில் பொருத்திக் கேனுக்குள் இறக்கினார்.

நான் கேட்டதும் அலுக்காமல் விளக்கினார். திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் மீக்கடத்திப் படலங்கள் இரண்டு. நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று. காந்தப்புலத்தை மாற்ற மாற்ற, தடையில்லாமல் போகிற மின்சாரம் ஏறி இறங்கும். திரையில் நடுவே உயரமான மேடு, இருபுறமும் குட்டி மேடுகள். உச்சி, காந்தப்புலம் பூஜ்யமாக இருக்கிற இடத்தில் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. ஒரு பக்கமாகத் தள்ளிப் போயிருந்தது.

அவர் முகம் வாடிவிட்டது. ஏழு மாதத்தில் தேறிய சில்லு அது ஒன்றுதான். ஹீலியமோ ஆவியாகிக்கொண்டே இருந்தது. வெளியே போய்ப் பேராசிரியருக்குப் போன் செய்தார். படலம் போட்டதில் தப்பு செய்துவிட்டேன், இதைக் கழித்துவிட்டு முதலிலிருந்து செய்கிறேன் என்று அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

திரும்பி வந்தவரிடம் நடுப் படலம் என்ன உலோகம் என்று கேட்டேன்.

"நிக்கல்ண்ணே."

நிக்கலில் காந்தம் ஒட்டும். இது பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, இரும்புக் கடையில் தெரிந்துகொண்டது. டிரைவரை ஓரமாக இழுத்து, டப்பாவின் மேல் காந்தம் வைத்ததைச் சொன்னேன்.

"வாயத் தொறந்த, ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது மாப்ள. பேசாம இரு" என்றார்.

வேலை போவது எனக்குப் புதிதில்லை. ஆனால் செய்யாத தப்புக்கு ஒருவர் தன்னையே திட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எம்புட்டு நேரம் மேல இருந்துச்சுண்ணே?"

"கால் மணி நேரம் இருக்கும் மேடம்."

அவர் திட்டவில்லை. கம்பியை மேலே இழுத்துச் சில்லின் குளிர் விட வைத்தார். காந்தப்புலத்தை இப்படியும் அப்படியுமாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். நிக்கலில் பதிந்துபோன காந்தம் அப்படித்தான் அழியுமாம். மிச்சமிருந்த ஹீலியத்தில் மறுபடி இறக்கினார். இன்னொரு தடவைக்கு அது போதாது.

திரையில் புள்ளி புள்ளியாக மேடு எழும்பியது. உச்சி பூஜ்யத்தில் வந்து நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அம்புட்டூண்டு துணுக்குக்கு இம்புட்டு ஞாபகமா?" என்றார் டிரைவர்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நீங்க சொல்லலைன்னா இதக் குப்பையில போட்டிருப்பேண்ணே."

என் வேலை போகவில்லை. சில மாதம் கழித்து நானாகத்தான் விட்டேன். நான் அந்தச் சில்லைத் தொடக்கூட இல்லை; மேலே வைத்துவிட்டு எடுத்ததைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் தனக்குள் வைத்திருந்தது. அலைந்த ஊர்களில் எதை எதன் மேல் வைத்துவிட்டு வந்தேனோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.