நான் 'இல்லை' என்று புள்ளடியிட்ட கட்டம்

"டாக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள்" என்று தொடங்கும் சாட்சிகளை நம் சபையில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. என் மனைவி ரஞ்சிதத்தை எந்த டாக்டரும் கைவிடவில்லை. கைவிட்டவன் நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில் குளிர்காலம். ஒனிஹங்காவில் வாடகைக்கு இருந்தோம். ரஞ்சிதத்துக்கு மாலையானால் காய்ச்சல். வயிறு ஊதிக்கொண்டு வந்தது, உடம்பு வற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். வயிற்றுக்குள் நிணநீர்க் கணுக்கள் கொத்தாக வீங்கியிருந்தன. "பெரும்பாலும் லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய். வியாழக்கிழமை ஊசியால் ஒரு துண்டு எடுத்து உறுதிசெய்வோம்" என்றார் டாக்டர்.

எனக்கு உறுதி தேவைப்படவில்லை. எந்த இரசாயனம் எந்தச் செயற்கைச் சவ்வைக் கடந்து எவ்வளவு வேகமாகப் போகும் என்று முப்பது வருஷம் அளந்தும் மாணவருக்குக் கற்பித்தும் வந்தவன் நான். சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களுக்குச் சவ்வு சோதித்துக் கொடுத்தவன். ஆஸ்பத்திரி நடைமுறை எல்லாம் அத்துப்படி. ஸ்கான் படத்தை வாங்கிவந்து அடுப்படி ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கணுக்களின் நடு கறுத்து, ஓரம் வெளுத்திருந்தது. முற்றிய புற்று என்று நானே தீர்ப்பெழுதினேன். அன்றோடு ஜெபத்தையும் நிறுத்தினேன்.

செவ்வாய் மாலை எங்கள் சபையைச் சேர்ந்த அருள்தாஸ் வந்தார். மன்னார்க்காரர், மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை. வேலை உடுப்போடேயே வந்திருந்தார்.

"சேர், அக்காவுக்காக ஒரு ஜெபம் பண்ணட்டே?"

"என்னத்துக்கு? கட்டியின்ரை அளவும் இடமும் படத்தில கிடக்கு. ஆண்டவருக்கு நீர் புதுசா என்ன சொல்லப்போறீர்?"

"ஒண்டும் சொல்லப்போறேல்லை சேர். கேக்கத்தான் போறன்."

"இஞ்சருங்கோ," என்றாள் ரஞ்சிதம், "அவர் என்னைப் பாக்க வந்தவர். உங்கட படத்தைப் பாக்க வரேல்லை."

அவர் முழந்தாளிட்டார். "ஆண்டவரே, மறைஞ்சு கிடக்கிறதை வெளியில கொண்டுவாரும்" என்றார். இதைத்தான் ஸ்கான் செய்து முடித்துவிட்டதே என்று எனக்குள் ஏளனம். நான் ஜெபத்தில் கண் மூடுகிறவன் இல்லை. அன்று ரஞ்சிதமும் மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தாய் காசநோயில் இறந்தவர். இரண்டு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள் ரஞ்சிதம். யாழ்ப்பாணத்தில் இதை வெளியில் சொன்னால் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது. கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்கே சொன்னாள். நியூசிலாந்து விசாவுக்கான மருத்துவப் படிவத்தில், குடும்பத்தில் காசநோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். இங்கே ஆஸ்பத்திரியிலும் அதே கேள்வி. அவளுக்காகப் படிவத்தை நிரப்பியவன் நான். இரண்டு காகிதமும் ஒத்துப்போக வேண்டுமென்று அதே புள்ளடி.

பரிசோதனைக்கு முன் சவ்வில் ஓட்டை இருக்கிறதா என்று சாயம் ஊற்றிப் பார்க்காத மாணவனை வகுப்பைவிட்டு அனுப்பியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான்!

வயிற்றுக் காசநோயும் படத்தில் இப்படித்தான் தெரியக்கூடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நினைக்க மறுத்தேன். வியாழக்கிழமை எடுக்கும் துண்டு முழுவதையும் ஃபோர்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமி அதில் செத்துப்போகும். பிறகு ஆய்வுகூடத்தில் அதை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதியைத் தனியே வைக்க வேண்டுமானால் யாராவது முதலில் சந்தேகப்பட வேண்டும். சந்தேகத்துக்கான காரணத்தை நான் புள்ளடி போட்டு மூடியிருந்தேன்.

அருள்தாஸ் போனதும் ரஞ்சிதம் கேட்டாள். "அம்மாவைப் பற்றிச் சொல்லுவியளோ, மாட்டியளோ?"

"விசா..."

"விசாவையும் என்ரை சவப்பெட்டிக்குள்ள வைச்சுப் புதையுங்கோ."

அதற்குப் பிறகு ஜெபித்தேன். அழகான ஜெபமல்ல. "பொய் எழுதினேன். பயமாயிருக்கிறது. வாயைத் திறக்கவையும்." அவ்வளவுதான்.

புதன் காலை டாக்டருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். நாடுகடத்துவார்கள் என்று நான் நடுங்கியதற்கு அவர் சொன்ன பதில்: "சொன்னது நல்லதாயிற்று. துண்டில் ஒரு பகுதியை வேறாக அனுப்புகிறேன்." விசாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதற்காகவா இத்தனை வருஷம் ஒளித்தேன்?

அந்தத் துண்டில் புற்றுநோய் இல்லை. தனியே வைத்த பகுதியில் சில வாரங்களில் காசநோய்க் கிருமி வளர்ந்தது. மாதக்கணக்காக மாத்திரைகள். காய்ச்சல் விட்டது. வயிறு வற்றியது, கன்னத்தில் சதை திரும்பியது, என்னை ஏசுகிற தொண்டையும் திரும்பியது.

ஆண்டவர் புற்றுநோயைக் காசநோயாக மாற்றினார் என்று சபையில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அவள் வயிற்றில் இருந்தது தொடக்கத்திலிருந்தே காசநோய்தான். திறக்காத என் வாய் திறந்தது. என்னை அறிந்தவர்களுக்கு இந்த அற்புதம் போதும்.

உங்களில் எவராவது படிவத்தில் ஒன்றும் ஜெபத்தில் ஒன்றுமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், ஆண்டவரை நம்பி உண்மையைச் சொல்லுங்கள். அவரிடம் முதலில், விடிந்ததும் டாக்டரிடம். இரண்டாவதை விட்டுவிட்டு என்னிடம் சாட்சி கேட்டு வராதீர்கள்.

அருள்தாஸ் இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார். அவர் ஜெபிக்கும்போது நான் இன்னும் கண்ணை மூடுவதில்லை. எதிரில் ரஞ்சிதம் இருக்கிறாள். அவளும் மூடுவதில்லை. ஸ்தோத்திரம்.