ஏழு வீட்டுத் திட்டு

மழை விட்ட காலையில் பழுப்பு நிலக்கரி ஒரு வாடை விடும். எரிகிற கரியின் வாடை அல்ல; நனைந்து குவியலாகக் கிடக்கிற கரியின் வாடை. மரமாக நின்று, சாய்ந்து, சேறாகி, எத்தனையோ காலம் மண்ணுக்குள் மூச்சடக்கிக் கிடந்த ஒன்று வெளியே வந்ததும் விடுகிற முதல் மூச்சு. இந்த வயதிலும் அது மூக்கில் ஏறினால் எனக்குச் சுரங்கம் நினைவுக்கு வருவதில்லை. உப்பங்கழிதான் வருகிறது. கணுக்கால் புதைகிற கருஞ்சேறு, அதற்கு அப்பால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் யாரும் குடியிராத ஒரு திட்டு.

அப்போது மந்தாரக்குப்பத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். சுரங்கத்தில் ஊற்றுநீரை இறைத்து வெளியேற்றும் பம்ப்பில் அப்பா தற்காலிக ஆள். கரிக்கு அடியில் ஒரு கடலே இருக்கிறது, அதை நாங்கள்தான் ஷிப்ட் போட்டு இறைத்துக்கொண்டிருக்கிறோம் என்பார். வேலை பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். குவார்ட்டர்ஸ் என்றால் வீட்டுக்குள்ளேயே குழாய். தெருக்குழாய் வரிசையில் குடத்தோடு நின்று நின்று ஒன்பது வயதிலேயே இடுப்பு சாய்ந்துபோயிருந்த எனக்கு, சொர்க்கத்துக்கு ஒரு திருகு இருக்கிறது என்பதும் அது பித்தளை என்பதும் தெரிந்திருந்தது.

பர்மனென்ட் ஆக ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதில் ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் அப்பா ‘ஏழு வீட்டுத் திட்டு’ என்று எழுதிவிட்டார். படிவம் திரும்பி வந்தது. அங்கே குடியிருப்பு ஏதும் இல்லை, நன்னடத்தை விசாரிக்க ஆள் இல்லை, ஊரைத் திருத்தி அந்த ஊர் மணியக்காரர் கையெழுத்தோடு அனுப்பவும் என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. பக்கத்துப் போர்ஷனில் இருந்த திருநெல்வேலிக்கார குமாஸ்தா அதைப் படித்துக் காட்டிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“அண்ணாச்சி, பேரு ஏழு வீடுங்கீய. ஒரு வீடாவது உண்டுமா?”

“இருந்துதுங்க.”

“இருந்துது, சரி. போலீஸ்காரன் போயி யாருகிட்ட கேப்பான், இவரு நல்லவருதானான்னு? நண்டுகிட்டயா?”

கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. எதிர்க்கரை ஊரின் பெயரை எழுதிவிட்டால் முடிந்தது, அந்த மணியக்காரரிடம் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்று குமாஸ்தா வழி சொன்னார். அவ்வளவுதானே என்று அம்மாவும் சொன்னாள். அப்பா மூன்று நாள் அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய் வந்தார். வார லீவு வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

வடலூர், புவனகிரி என்று பஸ் மாறி, கடைசியில் மணலில் நடந்து அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அத்தை அப்பாவுக்கு அக்கா, ஒண்டிக்கட்டை. எதிர்க்கரை ஊருக்கு வெளியே கழி ஓரத்தில் ஏழு குடிசைகள். அப்பா சிறுவனாக இருந்தபோது அடித்த ஒரு புயலில் திட்டை விட்டு வந்தவர்கள் அங்கேதான் ஒதுங்கினார்கள். ஒதுங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஊர்க்காரர்களுக்கு அவர்கள் ‘திட்டாளுங்க’தான். ஊர்க் கிணற்றில் அவர்கள் குடம் இறங்கியதில்லை.

அதனால் அத்தை தினமும் தோணியில் திட்டுக்குப் போவாள். போகும்போது நான்கு ஆடு, வரும்போது நான்கு ஆடும் இரண்டு குடம் தண்ணீரும். அன்றைக்கு ஆடுகளோடு எங்களையும் ஏற்றிக்கொண்டாள்.

திட்டு பீர்க்கங்காய் மாதிரி நீண்டு கிடந்தது. கிழக்கே கடல், மேற்கே கழி, வடக்கிலும் தெற்கிலும் முகத்துவாரம். வடக்கு வாய் சில வருடம் மணல் மூடித் தூர்ந்துவிடும். அப்போது அது தீவு இல்லை, நடந்தே போகலாம். அடுத்த வெள்ளத்தில் வாய் திறந்துகொள்ளும், மறுபடியும் தீவு. தன்னைத் தீவென்று சொல்லிக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாத நிலம். கழிப்பக்கம் கண்டல் புதர், கடல்பக்கம் தாழை, நடுவே மேடெல்லாம் அடம்பங்கொடி. காற்றில் உருண்டு ஓடும் ராவணன்மீசைப் புல்லின் முள்பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினேன். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே உப்புக் கிடங்கு இருந்ததாம். காவலுக்குக் குடிவைத்தவர்கள்தான் அந்த ஏழு வீட்டார். கிடங்கு போய்விட்டது, வெள்ளைக்காரனும் போய்விட்டான், காவல் மட்டும் யாரும் நிறுத்தச் சொல்லாததால் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. முட்டளவு செங்கல் சுவர் ஒன்றும், நீலப்பூ போட்ட பீங்கான் சில்லுகளும் கிடந்தன. மேட்டின் நடுவே ஊற்றுக் கிணறு. சுற்றிலும் உப்பு, அதற்குள் தண்ணீர் இனித்தது.

“குடி கண்ணு. உங்க கொள்ளுத்தாத்தன் தோண்டுனது” என்றாள் அத்தை.

அப்பா கிளிஞ்சல் சிதறிக் கிடந்த ஒரு வெற்று மணலை நோக்கி நடந்தார். ஓரிடத்தில் சட்டென்று தலையைக் குனிந்தார். குனிந்தபடியே இரண்டடி வைத்து, பிறகு நிமிர்ந்தார். மேலே வானம்தான் இருந்தது. இல்லாத நிலைப்படியில் தலை இடித்துவிடாமல் ஒரு பெரிய ஆள் குனிந்து போவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தையும் சிரித்தாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

பிற்பகலில் மணியக்காரர் வீட்டுக்குப் போனோம். அத்தை வாசலுக்கு வெளியே, வேலிப்படலோடு நின்றுகொண்டாள். மணியக்காரர் நல்ல மனிதர், வாய் நிறைய வெற்றிலை.

“இன்னாப்பா, கரிக்குழிக்குப் போனவன் கருத்துப்போய் வருவான்னு பாத்தா வெளுத்து வந்திருக்கே!”

விஷயத்தைக் கேட்டதும் கையெழுத்துத்தானே, இப்போதே போட்டுத் தருகிறேன் என்றார். பிறகு ஒரு மாதிரியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். திட்டு முழுக்கச் சவுக்கு வைக்க மேலிடத்தில் யோசனை இருக்கிறது. திட்டைப் பூர்வீகமாக உடையவர்கள் யாராவது உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். படித்தவர்களில்லாத ஏழு குடிசையில் காகிதத்தில் தன் பெயரைத் திட்டோடு சேர்த்து எழுதியிருப்பது அப்பா ஒருத்தர்தான்.

“இந்த ஊர்தான் எங்களுக்குப் பூர்வீகம்னு நீ எழுதிக் குடு. உன் காயிதத்துல நான் கையெழுத்துப் போடறேன். அப்புறம் வந்து திட்டு என்னுதுன்னு நிக்கக் கூடாது. ஆடு மாடு விடக் கூடாது. ஆமா, சவுக்குக் கன்னு பாரு.”

அப்பா வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அத்தை படலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு நாள் குடுங்க” என்றார் அப்பா.

“நாளைக்கே எழுதி அனுப்பணும்ப்பா. உனக்கும் அங்க எத்தினி நாளு காத்துக்கினு இருப்பான்?”

 பேச்சை லேசாக்கத்தானோ என்னவோ, மணியக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“நீ சொல்லும்மா. உங்க ஊர் எது?”

இந்தக் கேள்விக்கு நான் வழியெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தேன். குமாஸ்தா மாமா சொல்லிக்கொடுத்தது, அம்மா ஆமோதித்தது. அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்பது எனக்குத் தெரியும். எனக்கு வரும் என்பதில் அன்று எனக்குப் பெருமை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்பதுபோல் நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கணீரென்று சொன்னேன்.

“எங்க ஊர் இதுதாங்க. பூர்வீகம்.”

மணியக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “பூர்வீகங்குது பாரு! குழந்தையே சொல்லிடுச்சி, அப்புறம் இன்னா?” பேனாவை நீட்டினார். அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். கோபம் இல்லை; அடி விழும் என்று சொல்கிற பார்வையாக இருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். குனிந்து எழுதினார். எங்கள் படிவத்தில் முத்திரை விழுந்தது. கூடவே மணியக்காரர் தன் காகிதத்திலும் ஒரு வரி எழுதி, எழுதியதை உரக்கப் படித்தார்: மேற்படி திட்டில் குடியும் இல்லை, பாத்தியமும் இல்லை.

ஆறு மாதத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அம்மா குழாயைத் திருகித் திறந்து திறந்து மூடினாள். அப்பா மட்டும் அதிலிருந்து பிடித்த முதல் டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பம்ப்பில் வேலை செய்பவருக்குத் தண்ணீர் சலித்துப்போயிருக்கும் என்று நான் நினைத்தேன். ஒரு வார்த்தையால் ஒரு கிணற்றை மூட முடியும் என்பதை அறிய எனக்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன.

ஆனால் கையெழுத்து வாங்கிய அன்று மாலை, பஸ் நிற்கும் புளியமரத்தடியில், எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம்தான். அத்தை எங்களை வழியனுப்ப வந்திருந்தாள். என்னை அவள்தான் முதலில் பாராட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் பஸ் வரும் திசையையே பார்த்தார். பஸ்ஸின் புழுதி தெரிந்ததும், “அக்கா, நான்...” என்று ஆரம்பித்தார்.

அத்தை என் நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். பொங்கிவந்த எதையோ சிரிப்பாக்கிக்கொண்டு அப்பாவின் முதுகில் கைவைத்து பஸ் படிப்பக்கம் தள்ளினாள்.

“ஏறுடா தம்பி. அதான் அங்க யாருமே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்களே. யாருமே இல்லாத எடத்துக்கு நான் தண்ணிக்குப் போனா, எவன் வந்து ஏன்னு கேக்கப்போறான்?”