டாப்பில் இல்லாத தம்பி

மழை பெய்தால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் குதிப்போம். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் பெரிய சேருக்கு மட்டும் முகம் சுருங்கிவிடும். காரணம் எங்கள் அம்மா.

றப்பர் மரத்தில் ஈரம் இருந்தால் பால் வெட்ட முடியாது. பால் சிரட்டையில் விழாமல் பட்டையோடு வழிந்து வீணாகிவிடும். அதனால் மழை நாளில் பால் வெட்டுகிற பெண்களுக்கு வேலை கிடையாது. மற்ற அம்மாக்கள் அன்றைக்கு ரொட்டி சுட்டு, பேன் பார்த்து, ஒரு குட்டித் தூக்கமும் போடுவார்கள். எங்கள் அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவாள். ருவான்வெல்லைப் பக்கம் மழைக்கு என்ன பஞ்சமா? வாரத்தில் பாதி நாள் பெரிய சேருக்கு அம்மாவின் தரிசனம்தான்.

தம்பிக்கு அப்போது ஆறு வயது, எனக்கு ஒன்பது. அவனுக்குப் பிறந்ததிலிருந்தே கால் இரண்டும் விறைப்பு. விரல்களும் சொன்னபடி கேட்காது. பேச்சு வரும், ஆனால் ஒரு சொல் முழுசாக வருவதற்குள் எதிரே நிற்பவருக்குப் பொறுமை போய்விடும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. எங்களோடு இருந்த மாமா பகிடி விட்டால் வீட்டில் முதலில் சிரிப்பவன் அவன்தான்.

பெரிய சேர் கெட்டவர் இல்லை. அம்மா தம்பியைச் சேர்க்கக் கேட்ட முதல் நாளே தன்மையாகத்தான் சொன்னார். "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு இங்க வசதி இல்லம்மா. டவுன் ஸ்கூல்ல விசேட பிரிவு இருக்கு, அங்க கூட்டிட்டுப் போங்க."

அம்மா கூட்டிக்கொண்டு போனாள். அது சிங்களப் பாடசாலை. அங்கிருந்த மிஸ் "அனே" என்று உருகித் தம்பியின் கன்னத்தைத் தடவினாராம். ஆனால் அவர் படிப்பிப்பதெல்லாம் சிங்களத்தில். அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, தம்பிக்கோ ஒரு சொல்லும் தெரியாது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்று அவரும் நல்லபடியாகவே அனுப்பி வைத்தார். இங்கே கால் சரியில்லை, அங்கே பாஷை சரியில்லை.

"பேசாம பஸ்ஸுலயே வச்சு படிக்க வச்சிரு அக்கா" என்றார் மாமா. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் இந்த மழை நாள் படையெடுப்பு. அம்மா சண்டை போடமாட்டாள். பள்ளிக்கூட விறாந்தையில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சாரல் பலமாக அடித்தது. முதலாம் ஆண்டு மிஸ்ஸுக்கு மனசு கேட்கவில்லை. "பிள்ளை நனையுது சேர், சும்மா உள்ள வந்து உக்காரட்டுமே" என்றார். பெரிய சேரும் தலையை ஆட்டினார்.

எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்று முதல் அப்பா றப்பர் ஸ்டோருக்கு வேலைக்குப் போகிற வழியில் தம்பியைத் தினமும் தோளில் தூக்கி வந்து வகுப்புப் பாயில் உட்கார வைத்துவிட்டுப் போவார். அவனுக்கு வீட்டுப்பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது, ஏச்சு கிடையாது. பகல் சாப்பாட்டில் பங்கு மட்டும் உண்டு. கொடுத்து வைத்தவன் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

காலையில் மிஸ் வரவு டாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுவார். கடைசிப் பெயரும் முடிந்த பிறகு தம்பி பாயில் இருந்தபடியே கழுத்து நரம்பு புடைக்க, "வந்... தேன் மிஸ்" என்பானாம். வகுப்பே சிரிக்குமாம். மிஸ்ஸும் சிரித்து, "சரி, நீங்களும் வந்தாச்சு" என்பாராம். கேள்விப்பட்டதை நான் ஒருநாள் இரவு வீட்டில் நடித்துக் காட்டினேன். அப்பாவும் மாமாவும் சிரித்தார்கள்.

அம்மா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "அவன் பேரு டாப்புல இல்லையா?"

"இல்லம்மா, அவன் சும்மாதானே வாறான்."

மறுநாள் கண்ணைப் பறிக்கிற வெயில். பால் நன்றாக ஓடுகிற நாள். அம்மா பால் வெட்ட மலைக்குப் போகவில்லை. அப்பா தடுத்துப் பார்த்தார். "கெடச்சதையும் கெடுத்துறாத. சும்மா இரு" என்று கெஞ்சினார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வெயில் நாளில் அம்மாவைக் கண்ட பெரிய சேர் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"டாப்புல பேரு பதியணுங்க சேர்."

"நான் இரக்கப்பட்டுத்தானம்மா உள்ள விட்டேன்."

"அது தெரியுங்க. நாளைக்கு நீங்க மாறிப் போனா, அடுத்து வர்ற சேருக்கு இரக்கம் இல்லாம போவலாம். நாள் சம்பள மஸ்டர்ல பேரு போடாம, 'பாவம், நீயும் போயி வெட்டு'ன்னு கணக்கப்புள்ள சொன்னா நாங்க மலைக்குப் போவோமாங்க?"

பெரிய சேருக்குக் கோபம் வந்துவிட்டது. "பதிஞ்சா சும்மா இல்ல. படிப்பிக்கணும், பரீட்சை வைக்கணும். பிள்ளை ஏன் படிக்கலன்னு மேல இருந்து என்னையத்தான் கேப்பாங்க!"

"அதுக்குத்தாங்க கேக்குறேன்" என்றாள் அம்மா. "பள்ளிக்கூட வயசுப் புள்ளய திருப்பி அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு பிள்ளைக்காம்பராவுல நடந்த தாய்மார் கூட்டத்துல சொன்னாங்க. முடியாதுன்னா எழுதிக் குடுங்க, வலயக் கல்விக் கந்தோர்ல போயி கேட்டுக்கிறேன்."

நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் வாயால் தம்பிக்கு இருந்த பாயும் போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவள் மீது எனக்கு அத்தனை ஆத்திரம். பெரிய சேர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மிஸ்ஸைக் கூப்பிட்டு டாப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

பெயர் ஏறியதும் தம்பியின் ராஜபோகம் முடிந்தது. வீட்டுப்பாடம் வந்தது, ஏச்சும் வந்தது. பெரிய சேர் முணுமுணுத்துக்கொண்டே வலயக் கந்தோருக்கு நடையாய் நடந்ததில், மாவனல்லையிலிருந்து தமிழில் படிப்பிக்கிற முஸ்லிம் மிஸ் ஒருவர் புதன்கிழமைகளில் வரத் தொடங்கினார். விசேட கல்வி படித்தவர். அவர் சொன்னபடி அப்பா பென்சிலைச் சுற்றித் தடிமனாக றப்பரை ஒட்டிக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு தம்பி ஒரு 'அ' எழுதி முடிப்பதற்குள் எங்களுக்கு வியர்த்துவிடும்.

தவணைப் பரீட்சை நடந்தது. றிப்போட் வந்தது. தம்பி வகுப்பிலேயே கடைசி.

நான் என் வகுப்பில் மூன்றாம் பிள்ளையாக வந்திருந்தேன். என் றிப்போட்டை அம்மா ஒரு பார்வை பார்த்து மடித்து வைத்தாள். தம்பியின் றிப்போட்டை எடுத்துக்கொண்டு லயத்தில் வீடு வீடாகப் போனாள். "எம் மவன் கடைசியா வந்திருக்கான், பாருங்க" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினாள். தண்ணீர்ப் பீலியடியில் நின்றவர்களையும் விடவில்லை. நான் வெட்கம் தாங்காமல் காம்பராக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து அழுதேன். முந்தின தவணையில் அவன் கடைசியாகக்கூட வந்திருக்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.